பறவை காட்ட ஓர் ஊர்க்காரர் வேண்டும்

மூலக்கொத்தளத்தை ஒட்டிய பேசின் பிரிட்ஜ் நிலையத்தைத் தாண்டியதும் ரயில் பாதை இரண்டாகப் பிரிகிறது. மேற்கே திரும்பும் தடத்தில் ஒவ்வோர் இரவும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்துக்குப் போகிறது. வடக்கே போகும் தடத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்கள் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூரை அடைந்து, கழிமுகத்து நீரைக் கடந்து அத்திப்பட்டு புதுநகருக்குப் போகின்றன. பறவை பார்க்கப் போகலாம் என்று வடசென்னையில் யாராவது முடிவு செய்தால், முதல் தடம்தான் மனதில் வரும். மலை, பனி, சோலை, புல்வெளி என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த ஆசையில் தவறில்லை. நீலகிரிக்குப் பறவை பார்க்கப் போக வேண்டும்தான். ஆனால் தனியாகப் போவதிலும் பெருங்கும்பலோடு போவதிலும் பயனில்லை. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த வழிகாட்டி ஒருவரோடு போக வேண்டும். அப்படிப் போய் வருகிறவருக்குக் கிடைக்கும் பாடம் மலையோடு முடிவதில்லை. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட நிலத்தை உயிருள்ள நிலமாகப் பார்க்கும் கண் அவருக்கு வாய்க்கிறது. அந்தக் கண் வடசென்னைக்குத்தான் இன்று அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் மலையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நீலகிரியின் உயரமான பகுதிகளில், தொட்டபெட்டா 2,637 மீட்டர், முக்குருத்தி 2,554 மீட்டர் என்று எழும் சிகரங்களைச் சுற்றி, இயற்கை ஒரு விசித்திரமான ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. மேடெல்லாம் புல், மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் மட்டும் குட்டையான, அடர்ந்த, பாசி படர்ந்த சோலை. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போன்ற எல்லை. குளிர்கால இரவுகளில் புல்வெளியில் உறைபனி விழுகிறது; மரக்கன்றுகள் அங்கே கருகிப் போகின்றன. சோலைக்குள் அந்தப் பனி இறங்குவதில்லை. இந்த இரட்டை நிலத்தில் வேறெங்கும் இல்லாத பறவைகள் சில வாழ்கின்றன. நீலகிரிச் சிரிப்பான் புதர்க்கூட்டத்துக்குள் இருந்து கும்பலாகக் குரல் எழுப்பும். வெண்புருவமும் செம்பழுப்பு வயிறும் கொண்ட அந்தப் பறவைக்குத் தவிட்டுப்பழம் பிரியமான தீனி. கருப்பும் ஆரஞ்சும் கலந்த சின்னஞ்சிறு ஈப்பிடிப்பான் தரையை விட்டு அதிக உயரம் போகாமல் தாவித் திரியும். நீலகிரிச் சோலைக்கிளி இன்னும் கூச்சமானது. ஓடையோரத்து இருட்டில், நீண்ட மெல்லிய கால்களால் ஈரச் சருகின் மேல் தத்தி நின்று, பூச்சியைக் கொத்தி, அடுத்த கணம் மறைந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் அது பாடும். பாட்டைக் கேட்டுவிட்டு அசையாமல் நிற்கத் தெரிந்தவருக்கே அதன் நீலம் கண்ணில் படும்.

இந்தப் பறவைகள் ஏன் முக்கியம் என்பதற்கு அறிவியல் தெளிவான பதில் வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளை ஆய்வாளர்கள் வானத்துத் தீவுகள் என்று அழைக்கிறார்கள். குளிர்ந்த உயரத்தில் மட்டுமே வாழப் பழகிய சிற்றுயிருக்கு, கீழே இருக்கும் வெப்பமான பள்ளத்தாக்கு கடலைப் போன்றது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு சோலைக்கிளி, தெற்கே பழனி, ஆனைமலைப் பக்கம் இன்னொரு சோலைக்கிளி. சிரிப்பான்களும் அப்படியே: நீலகிரியில் ஒன்று, பழனி மலையில் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் மற்றொன்று. இவை பல லட்சம் ஆண்டுகளாகத் தனித்தனியே பிரிந்து வளர்ந்த கிளைகள் என்று மரபணு ஆய்வுகள் காட்டின. 2017இல் வி.வி. ராபினும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோலைக்கிளிகளுக்கும் சிரிப்பான்களுக்கும் இரண்டு புதிய பேரினங்களையே அமைத்தார்கள். இந்தப் பறவைகளில் சிலவற்றை 1839 வாக்கில் உலகுக்கு விவரித்தவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன். ஏறத்தாழ 180 ஆண்டுகளாகப் பெயர் தெரிந்திருந்தும், அவை தனிப் பேரினங்கள் என்பது அண்மையில்தான் உறுதியானது. ஒரு மலை உச்சியில் இருந்து அவை போய்விட்டால் பக்கத்து மலையில் இருந்து வந்து அந்த இடத்தை நிரப்பப் பறவை கிடையாது.

சோலையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வருவதில்லை; மரம் இருக்கிறது, அதனால் அது காடு. சிக்கல் புல்வெளியில்தான். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே நீலகிரியின் புல்மேடுகள் சும்மா கிடக்கும் நிலமாகவே பார்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்து சேர்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடப் பட்டையும் விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழும் வேண்டும் என்பதற்காகப் புல்வெளிகளில் இவற்றை அரசே பெரிய அளவில் நட்டது. நட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் நடவில்லை. மரம் நடுவது நல்ல காரியம், புல் என்பது மரம் இல்லாத குறை என்றே அவர்கள் நம்பினார்கள். விளைவை 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது. நீலகிரி நெட்டைக்காலி என்னும் பறவை அந்தப் புல்லை மட்டுமே நம்பி வாழ்கிறது. பழுப்பு நிறம், கோடு போட்ட உடல். முதல் பார்வைக்குச் சிட்டுக்குருவிபோல் சாதாரணமாகத் தெரியும். சீகை மரம் அடர்ந்துவிட்ட மேட்டில் அது இருப்பதில்லை. மலைப் புல்லும் அதன் அடியில் இருக்கும் மண்ணும் மழையைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு மெல்லக் கொடுப்பவை. முக்குருத்தியை ஒட்டிய மேல்பவானிப் பகுதியில் பிறக்கும் பவானி காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரி நீர் வீராணம் ஏரி வழியாக 2004 முதல் சென்னைக்கு வருகிறது. நெட்டைக்காலியின் புல்வெளிக்கும் சென்னைக் குடத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

வழிகாட்டியின் பெரிய வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பறவையின் பெயரைச் சொல்வது அவருடைய வேலையில் சின்னப் பகுதி. பச்சையாக, மணமாக, அழகாக நிற்கும் கற்பூரத் தோப்பில் பயணியை நிறுத்தி, இங்கே என்ன கேட்கிறது என்று கேட்பார். பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. இருநூறு அடி தள்ளி சோலை ஓரத்தில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்பார். அந்த இரண்டு நிமிடங்களில் பயணிக்குப் புரிவதைப் பத்துப் புத்தகம் படித்தாலும் புரிய வைப்பது கடினம். எந்த ஓடையில் எந்த மாதம் கூடு இருக்கும், எந்த வளைவில் காலையில் காட்டெருமை நிற்கும், எந்தப் பாதையில் கரடி இறங்கும் என்பதெல்லாம் அங்கேயே வாழ்கிறவருக்குத்தான் தெரியும். கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை இதற்கு நல்ல சாட்சி. சுமார் 116 ஹெக்டேர்தான் அதன் பரப்பு. சுற்றிலும் ஊர்கள், தேயிலை. உள்ளூர் மக்களின் கண்காணிப்புக் குழு பல ஆண்டுகள் அதைக் காத்து நின்றது. 2024 ஜனவரியில் அது ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 அங்கே இருப்பதாக அந்த அறிவிப்பு சொல்கிறது. அந்தச் சோலை உயிரோடு இருப்பது, அதைத் தங்களுடையது என்று நினைத்த மனிதர்கள் பக்கத்திலேயே இருந்ததால்.

இது நீலகிரிக்கு மட்டும் பொருந்தும் கதை அல்ல. அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் மலைக்காட்டில் வானியலாளரான ரமணா ஆத்ரேயா 2006இல் ஒரு புதிய பறவையை விவரித்தார். அந்தப் பகுதியில் வாழும் புகுன் பழங்குடியினரின் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒரு பறவையைக்கூடக் கொல்லாமல், இறகுகளையும் படங்களையும் குரல் பதிவுகளையும் கொண்டே அந்த விவரிப்பு செய்யப்பட்டது. அதைப் பார்க்க உலகெங்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள். முகாம் நடத்துவது, சமைப்பது, வழிகாட்டுவது எல்லாம் உள்ளூர் மக்களின் வேலையாயிற்று. 2017இல் புகுன் மக்கள் தங்கள் சமூகக் காட்டில் 17 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க முன்வந்தார்கள். தேக்கடியிலும் இதைப் பார்க்கலாம். பெரியாறு புலிகள் காப்பகத்தில் முன்பு களவாக மரப்பட்டை உரித்தும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள் 1990களின் இறுதியில் தொடங்கிய ஏற்பாட்டின்கீழ் பயணிகளுக்கு வழிகாட்டிகளானார்கள். காட்டுத் தடங்களை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. அந்த அறிவு முன்பு காட்டை அழித்தது. கூலியும் மரியாதையும் கிடைத்ததும் அதே அறிவு காவல் காத்தது. தமிழ்நாட்டிலும் இந்தத் திசையில் ஓர் அடி வைக்கப்பட்டிருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டு, பழங்குடி இளைஞர்கள் உள்ளிட்ட உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வந்தார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது, கையில் செல்போன் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்பது. குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் வந்துவிட்டன. அவை உண்மையிலேயே நல்ல கருவிகள், கற்றுக்கொள்பவருக்குப் பெரிய துணை. ஆனால் செயலி பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. கூடு இருக்கும் புதரிலிருந்து பத்தடி பின்னால் வா என்று அது சொல்லாது. சீகைத் தோப்பு ஏன் மௌனமாக இருக்கிறது என்று விளக்காது. அதே செல்போனில் ஒரு தீமையும் இருக்கிறது. பறவையின் குரலை ஒலிபரப்பி அதை வெளியே வரவழைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் பறவை புகுந்துவிட்டதாக நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு அது பதறிப் பறக்கிறது. ஒரு காலையில் பத்துப் பேர் இதைச் செய்தால் அந்தப் பறவையின் நாள் போயிற்று. ஒலிபரப்பக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். அந்த மண்ணோடு வாழ்க்கை பின்னியிருப்பவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு.

சுற்றுலாவே மலையைக் கெடுக்கிறது, இதில் பறவைச் சுற்றுலாவையும் சேர்ப்பதா என்ற கேள்வி இன்னும் கனமானது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. பறவைப் படம் எடுக்க முட்டி மோதும் கூட்டமும் கெடுதலே செய்கிறது. ஆனால் தீமை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டிகள், விடுதிகள், பிளாஸ்டிக், ஒரே முனையில் குவியும் கூட்டம் ஆகியவையே மலையை அழுத்துகின்றன. நல்ல பறவை நடை இதற்கு நேர் எதிராக அமைய முடியும்: ஆறேழு பேர், கால்நடையாக, சத்தமின்றி, மங்கிய நிற உடையில், ஒரே இடத்தில் அரைமணி நேரம். பணம் பெரிய விடுதிக்குப் போகாமல் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் போகும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர் என்று அந்த மலையின் மூத்த குடிகள் கைவசம் வைத்திருக்கும் அறிவுக்கு ஊதியம் கிடைக்கும். எண்ணிக்கைக்கு வரம்பு, கூடு கட்டும் காலத்தில் சில பாதைகளுக்கு ஓய்வு, குரல் ஒலிபரப்புக்குத் தடை என்ற மூன்றும் இல்லாத பறவைச் சுற்றுலாவை நானும் எதிர்க்கிறேன். ஆனால் மலைக்கு யாரையும் விடாமல் பூட்டிவிடுவது தீர்வாகாது. புல்வெளிகள் தோட்டமானதற்குச் சுற்றுலா காரணமில்லை.

இனி வடக்கே போகும் தடத்துக்கு வருவோம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலும் சந்திக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கு நேர்ந்தது, நீலகிரிப் புல்வெளிக்கு நேர்ந்ததன் மறுபதிப்பு. மலையில் புல்லை மரமில்லாத குறை என்று பார்த்தார்கள்; இங்கே சேற்றை நிலமாகாத குறை என்று பார்த்தார்கள். அனல் மின்நிலையங்களின் சாம்பல் ஆற்றுப்படுகையில் படிந்தது, ஈரநிலத்தின் பல பகுதிகள் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்குமாக நிரப்பப்பட்டன. காட்டுக்குப்பம் மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பல் மாசு பற்றி விரிவான தீர்ப்பை அளித்தது. இத்தனைக்கும் பிறகும் அந்தச் சேற்றில் உயிர் இருக்கிறது. குளிர்காலத்தில் வற்றம் இறங்கிச் சேறு வெளியே தெரியும் நேரத்தில் நின்று பார்த்தால் ஒரு வகுப்பே நடக்கும். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து மேற்பரப்பில் கொத்தும். அதன் அலகு குட்டை. பக்கத்திலேயே நீண்ட அலகுள்ள உள்ளான் வகைகள் சேற்றின் ஆழத்தில் அலகை முழுதாக இறக்கிப் புழுவைத் தேடும். பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டும். கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா, செம்பருந்து ஆகியவற்றுக்கு மீனே முக்கிய ஆகாரம். ஒரே சேற்றை இத்தனை பேர் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்வது அலகின் நீளத்தால். இவற்றில் பல, மத்திய ஆசியப் பறவைப் பாதையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வருபவை. அவை பழவேற்காடு வரை பரவும் இந்த நீர்ப்பரப்பை நம்பியே வருகின்றன.

பறவையைப் பார்த்துக் குறித்து வைப்பதால் நிலம் காப்பாற்றப்படுமா என்று சந்தேகிப்பவருக்கு, சென்னையிலேயே விடை இருக்கிறது. பள்ளிக்கரணையும் ஒருகாலத்தில் குப்பை கொட்டும் இடமாகத்தான் அறியப்பட்டது. இயற்கை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பறவைப் பட்டியல்களும் மக்கள் எழுப்பிய குரலும் சேர்ந்து, 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடானது. 2022இல் ராம்சர் தலமானது. 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் நடைகளில் கற்றவர்கள் அந்தக் கணக்கெடுப்புகளில் இருந்தார்கள். இந்தியா முழுமைக்கும் பார்த்தால், 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிப் பதிவுகளின் மேல் நின்றது. 942 இனங்களை மதிப்பிட்டது. அதில் கவலை தரும் குறைவு காணப்பட்ட தொகுதிகளில் இரண்டு: புல்வெளியை நம்பும் பறவைகள், தொலைதூரத்திலிருந்து வரும் கரையோரப் பறவைகள். நீலகிரியின் நெட்டைக்காலியும் எண்ணூரின் உப்புக்கொத்தியும் ஒரே அறிக்கையில் ஒரே காரணத்துக்காகச் சந்திக்கின்றன. நாம் மதிக்காத நிலத்தில் வாழ்வதே அந்தக் காரணம்.

எண்ணூரில் வழிகாட்டி வேண்டும் என்றால் தேடிப் போக வேண்டியதில்லை. முகத்துவாரக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் இருக்கும் மீனவருக்கு, எந்த நேரத்தில் நீர் எவ்வளவு வடியும், எந்தத் திட்டில் பறவை இறங்கும், எந்தப் பறவை கூடினால் அங்கே மீன் இருக்கும் என்பதெல்லாம் தொழில் அறிவு. பழவேற்காட்டில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதைப் பாடு முறையில் தலைமுறைகளாகப் பங்கிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிதாகத் தேவைப்படுவது கொஞ்சம்தான்: ஓர் இருகண்ணோக்கி, பறவைகளின் பொதுப்பெயர்கள், முதலுதவிப் பயிற்சி, நியாயமான கட்டணம், அரசின் அங்கீகாரம். அங்கே காற்றும் நீரும் மோசமாக இருக்கிறதே, அங்கேயா மக்களைக் கூட்டிப் போவது என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை யாரும் மறக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஊருக்கு நிலைமையின் தீவிரத்தை உணர்த்தியவற்றில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்களும் இருந்தன. அந்த மாசுக்கு நடுவே நாள்தோறும் வாழ்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். விருந்தாளிகள் வரக்கூடாத அளவுக்கு ஓர் இடம் கெட்டிருக்கிறது என்றால், அங்கே குடியிருப்பவர்களுக்காக அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதே அதற்கு அர்த்தம். பாதுகாப்பான கரைகளையும் பழவேற்காட்டுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து நடைகள் நடத்தலாம். பார்வையாளர்கள் தொடர்ந்து வந்து பதியும் இடத்தில் அடுத்த கசிவு மறைந்து போகாது.

இதெல்லாம் காசும் ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு, மூட்டை தூக்குகிறவருக்கும் ஷிப்ட் வேலைக்காரருக்கும் எதற்கு என்ற எண்ணமும் உண்டு. நீலகிரிப் பயணத்துக்குச் செலவு ஆகத்தான் ஆகும். ஆனால் எண்ணூருக்குப் போக மின்சார ரயில் டிக்கெட் போதும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளக் கட்டணம் கிடையாது. வீட்டு மாடியில் நின்று பதினைந்து நிமிடம் எண்ணினாலும் அது கணக்கில் சேரும். காசிமேட்டில் பிறந்த பிள்ளைக்குக் கடற்காகத்தையும் ஆலாவையும் பிரித்துச் சொல்லத் தெரிவது, ஊட்டிக்குப் போய் வந்தவர் சிரிப்பானைப் பற்றிப் பேசுவதற்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. காட்சியின்பத்தைச் சிலருக்கு மட்டும் உரிய சொத்தாக விட்டுவைத்தால், நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் அவர்களிடமே போய்ச் சேரும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. மலையில் மலையேற்றப் பாதைகளுக்கு உள்ளூர் வழிகாட்டிகளைப் பயிற்றுவித்து அங்கீகரித்த அதே அரசு, எண்ணூர்–பழவேற்காடு நீர்ப்பரப்பில் மீனவர்களையும் அங்கே வாழும் இருளர்களையும் பறவை வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்க வேண்டும். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை உள்ள அரசு மற்றும் மாநகராட்சிப் பள்ளிகளின் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்களோடு அந்தச் சேற்றோரம் நடக்க வேண்டும். அவர்கள் எண்ணும் பறவைகள் பொதுப் பதிவில் சேர வேண்டும். நீலகிரிக்குப் போக வசதி உள்ளவர்கள் போகட்டும்; அங்கே ஊர்க்காரர் ஒருவரை அமர்த்திக்கொண்டு, புல்வெளியை ஒரு காலை முழுக்கப் பொறுமையாகப் பார்க்கட்டும். 2022இல் தமிழ்நாடு அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்கக் கொள்கை வகுத்தது. சீகையை எடுத்துப் புல்லை மீட்கும் வேலை மலையில் நடக்கிறது. நூறாண்டுத் தவறைத் திருத்திக்கொள்ளலாம் என்று அது காட்டியிருக்கிறது. எண்ணூருக்கும் அந்தத் திருத்தம் வேண்டும். அந்தச் சேற்றைப் பெயர் பெயராக அறிந்த ஒரு தலைமுறை வடசென்னையிலேயே வளர்ந்தால், அடுத்த முறை அங்கே சாம்பலோ மண்ணோ கொட்ட லாரி வரும்போது, இது யாருடைய இடம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள்.